புயலுக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததும் நாகையிலும் கடலூரிலும் மீனவர்கள் படகை மேலே இழுத்துக் கட்டுவார்கள். திண்டுக்கல்லில் அதே செய்தியைக் கேட்பவர்கள், "நமக்கு ரெண்டு மழை கெடைச்சாச் சரி" என்று புரண்டு படுப்பார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது. நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து திண்டுக்கல் மலைக்கோட்டை நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 200 கிலோமீட்டர். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழனி மலைத்தொடர். நடுவில் கிடக்கும் இந்தச் சமவெளியின் தீராத கவலை தண்ணீர் வராதது. வந்து மூழ்கடிக்கும் என்று இங்கே யாரும் பயந்ததில்லை.

இரண்டு நவம்பர்கள் இந்தக் கணக்கைத் தப்பாக்கின. ஒன்று 1977. இன்னொன்று 2018. இரண்டு முறையும் புயல் நாகப்பட்டினத்தை ஒட்டித்தான் கரையேறியது. இரண்டு முறையும் கரையோடு நிற்காமல் மேற்கே நடந்தது. இரண்டு கரையேற்றங்களுக்கும் நடுவே 41 ஆண்டுகள். நாள்காட்டியில் பார்த்தால் நான்கே நாள் வித்தியாசம்.

அழகாபுரியில் உடைந்த அணை

1977 நவம்பர் 12 அதிகாலை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்குள் ஒரு கடும் புயல் கரையைக் கடந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி என்று உள்நாட்டு ஊர்களிலேயே மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. வலுக் குறைந்தும் நிற்காமல் தமிழகத்தைக் குறுக்கே வெட்டி, மறுநாள் காலையில் கேரளக் கரை தாண்டி அரபிக் கடல் பக்கம் போய்ச் சேர்ந்தது. 560 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். 23 ஆயிரம் கால்நடைகள் மடிந்தன.

திண்டுக்கல் அப்போது தனி மாவட்டமாக இல்லை. மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் பிறக்கும் குடகனாறு ஆத்தூர், தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாக வடக்கே ஓடி, கரூர்ச் சீமையில் அமராவதியில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். அந்த ஆற்றின் குறுக்கே வேடசந்தூரை அடுத்த அழகாபுரியில் ஒரு மண் அணை இருந்தது. பத்தடி அகலத்தில் ஐந்து ஷட்டர்கள். நிரம்பினால் 43 கோடி கன அடிக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். வினாடிக்குச் சுமார் 45 ஆயிரம் கன அடி வெள்ளம் வந்தாலும் வெளியேற்றலாம் என்பது கணக்கு. அதற்கு மேலும் இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கரையை ஏற்றி வைத்திருந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் குறையொன்றும் இல்லை.

அந்த நவம்பர் வெள்ளத்தின்போது அணைப் பணியாளர்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. தண்ணீர் ஏறியதும் ஷட்டர்களைத் தூக்க ஆரம்பித்தார்கள். பாதி தூக்கும்போது கரண்ட் போய்விட்டது. மாற்று ஏற்பாடாக இருந்த ஜெனரேட்டரை ஓட்டினார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் கையாலேயே சுற்றித் தூக்கப் பார்த்தார்கள். ஆற்றுக்குப் பொறுமை இல்லை. தண்ணீர் கரையின் உச்சிக்கு ஏறி, மறுபக்கச் சரிவில் அருவிபோல் வழிந்தது.

மண் அணைக்கு இதைவிடக் கெட்ட சேதி கிடையாது. கல் அணையின் மீது தண்ணீர் வழிந்தால் கொஞ்ச நேரம் தாங்கும். மண் கரையில் வழிந்தால், வழியும் தண்ணீரே கரையை அறுத்துக்கொண்டு போகும். முதலில் விரல் அகலத்தில் ஓர் ஓடை, பிறகு வண்டி போகிற அளவு பள்ளம், பிறகு கரையே இல்லை. அழகாபுரியில் 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் நீளம் வரை பல இடங்களில் உடைப்பு எடுத்தது.

எவ்வளவு அவகாசம் இருந்திருக்கும்? வினாடிக்கு 45 ஆயிரம் கன அடி வந்தால், காலியாகக் கிடக்கும் அந்த அணையே மூன்று மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். ஏற்கெனவே தண்ணீர் நின்ற அணைக்கு அதிலும் குறைவு. அந்த நேரத்துக்குள்தான் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, கை ஓய்ந்தது.

அடுத்த வாரமே, நவம்பர் 19 அன்று, ஆந்திராவின் திவிசீமாவைத் தாக்கிய புயலில் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். நாட்டின் கண் அந்தப் பக்கம் திரும்பியது. குடகனாற்றின் கதை பொறியாளர்களின் அணை உடைப்புப் பட்டியலில் ஒரு பத்தியாகச் சுருங்கிப்போனது. இரண்டு ஆண்டு முடிவதற்குள், 1979 ஆகஸ்ட் 11 அன்று, குஜராத்தில் மச்சு-2 அணையிலும் வெள்ளம் தாங்குதிறனை மீறி மண் கரைமேல் வழிந்து, மோர்பி நகரத்தை அடித்துக்கொண்டு போனது. அங்கே இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

யானை பெயர் கொண்ட புயல்

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். இலங்கை கொடுத்த பெயரைச் சுமந்துகொண்டு 'கஜா' நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தென்னையை நம்பியிருந்த டெல்டா ஒரே இரவில் மொட்டையானது. விடிந்ததும் புயல் புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியாக மேற்கே நகர்ந்தது. நத்தம், சாணார்பட்டி பக்கங்களில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கொடைக்கானல் சாலைகளில் மரங்கள் குறுக்கே விழுந்து போக்குவரத்து நின்றது. கடலே பார்க்காத ஊர்களில் புயல் நிவாரணக் கணக்கெடுப்பு நடந்தது.

இரண்டு புயல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. 1977இல் 560 உயிர்கள் போயின. 2018இல் 60க்கும் சற்று மேல். இரண்டும் ஒரே பலம் கொண்ட புயல்கள் அல்ல. ஆனாலும் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் எச்சரிக்கை. 1977இல் இந்தியாவுக்கென்று வானிலைச் செயற்கைக்கோள் இல்லை. கிராமத்துக்குச் செய்தி கொண்டுவந்தது ரேடியோ மட்டுமே. கஜாவுக்கு முன்னால் பல நாட்களாகவே புயலின் பாதை தெரிந்திருந்தது. 80 ஆயிரம் பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சொன்ன நேரத்தில் சொன்ன இடத்துக்குப் போனவர்கள் பிழைத்தார்கள்.

உயிர் தப்பியது. அதற்குப் பிறகுதான் 1977இன் அந்தப் பழைய சிக்கல் வேறு உருவில் வந்து நின்றது: கரண்ட் இல்லை.

கஜா சாய்த்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். கேரளா உட்படப் பல இடங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து இறங்கியும், உட்கிராமங்கள் சிலவற்றில் விளக்கெரிய வாரக்கணக்கில் ஆனது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கேரளா வெள்ளத்தில் தத்தளித்தபோது தமிழகத்திலிருந்து லாரி லாரியாக நிவாரணப் பொருள்கள் போயிருந்தன. மூன்றே மாதத்தில் அந்தக் கடன் திரும்பியது.

கரண்ட் போனால் விளக்குத்தானே போகும் என்று நினைத்தவர்கள் அந்த வாரங்களில் வேறு பாடம் படித்தார்கள். மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டி ஏறவில்லை, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியே முழங்கால் அளவு மழைநீர். வீட்டுக்குள் குடிக்க ஒரு குடம் கிடையாது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தொட்டி நிரப்பினார்கள். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றக் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். ஏ.டி.எம். வேலை செய்யாததால், வங்கியில் பணம் இருந்தும் கையில் இல்லாமல் திண்டாடினார்கள்.

திண்டுக்கல் சமவெளிக்கு இது கூடுதலாக உறைக்க வேண்டிய பாடம். இங்கே நிலத்தடி பாறை. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் போர் பல நூறு அடி இறங்கியாக வேண்டும். அந்த ஆழத்திலிருந்து கயிறும் வாளியும் போட்டு இறைக்க முடியாது. ஊருக்குப் பொதுவாக இருந்த திறந்த கிணறுகள் பல இடங்களில் குப்பைக்குழியாகிவிட்டன. அழகாபுரியின் ஷட்டர் நிலைமைதான் இன்றைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும்: எல்லாம் ஒரே கம்பியில் தொங்குகிறது.

பீரோவில் இருப்பது, பரணில் ஏற வேண்டியது

வெள்ளத்தையும் புயலையும் கடந்து வந்தவர்களிடம் கேட்டால் தத்துவம் பேசுவதில்லை. சாமான் பட்டியல்தான் சொல்வார்கள்.

முதலில் காகிதம். ரேஷன் கார்டு, பட்டா, பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் பீரோவின் அடித்தட்டுத்தான் முதலில் நனையும். நம் வீடுகளில் காகிதக் கட்டு இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். நல்ல பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரே பையாகக் கட்டி, கைக்கெட்டும் உயரத்தில் வைத்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மற்றவர்கள் வெள்ளம் வடிந்த பிறகு நகல் சான்றிதழுக்காக முகாம்களில் நின்றார்கள். போனில் எல்லாப் படமும் இருக்கிறது என்பவர்கள், சார்ஜ் இல்லாத போனை நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டும்.

அடுத்தது மருந்து. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினசரி மாத்திரை சாப்பிடும் பெரியவர் இல்லாத வீடு இன்று அபூர்வம். சாலை அடைபட்டால் நான்கு நாள் மருந்துக் கடைக்குப் போக முடியாது. அடைமழை மாதங்களில் இரண்டு வார மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டும். அதோடு ஒரு டார்ச், ஒரு பவர்பேங்க், கொஞ்சம் சில்லறைப் பணம், மூடி போட்ட பாத்திரத்தில் குடிநீர்.

மூன்றாவது, தொடக்கூடாதவை. புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் நடக்கும் சாவுகள் கொடுமையானவை. பிழைத்துவிட்டோம் என்று வெளியே வந்தவர் அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதிப்பது அந்த வகை. கம்பி செத்துவிட்டது என்று தீர்மானிக்க வேண்டியவர் மின் ஊழியர் மட்டுமே. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மாநில அளவில் 1070. இந்த மூன்றையும் போனில் மட்டும் வைக்காமல் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

நான்காவது, பக்கத்து வீடு. மீட்புப் படை வந்து சேரச் சில மணி நேரமாவது ஆகும். அதுவரை தூக்கிவிடுவது எதிர்வீட்டுக்காரர்தான். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்று தெருவுக்குத் தெரிந்திருந்தால், யாரை முதலில் கிளப்புவது என்ற கேள்வியில் நேரம் போகாது.

மெதுவாக வரும் பேரிடர்

வெள்ளம் மூன்று மணி நேரத்தில் வரும். வறட்சி மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும். ஆகவே அதைப் பேரிடர் என்று சொல்ல நாக்கு தயங்குகிறது. ஆனால் திண்டுக்கல் அதிகம் அடி வாங்கியது இதனிடம்தான்.

1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் பழைய மதுரை மாவட்டத்தை உலுக்கியது. மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை அதற்கு முன்பே இருந்தது. பஞ்சத்துக்குப் பிறகு அது அவசரமானது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தது. அந்தத் தண்ணீர் வைகையில் இறங்கி, நிலக்கோட்டைப் பகுதியின் பேரணையில் பிரிந்து வயலுக்குப் போனது. இன்று திண்டுக்கல் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு பேரணையிலிருந்தே வருகிறது. ஆத்தூர் காமராஜர் அணையும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் மற்ற பங்குகள்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மாநிலத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது 44 சென்டிமீட்டர். அந்த ஆண்டு பெய்தது 17 சென்டிமீட்டர்கூட இல்லை. 2017 ஜனவரி 10 அன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு குடிமராமத்துத் திட்டம் ஆரம்பமானது. ஊர்க் குளத்தை ஊரே தூர்வாரும் பழைய வழக்கத்துக்கு அரசு மறுபடி உயிர் கொடுத்துப் பார்த்தது.

வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் மருந்து ஒன்றே என்பது இங்கேதான் புலப்படும். ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் கன மீட்டர் தண்ணீர். 123 சதுர கிலோமீட்டரில் அப்படிப் பெய்து முழுவதும் ஓடி வந்தால் அழகாபுரி அணை நிரம்பிவிடும். குடகனாற்றுக்குத் தண்ணீர் தரும் பரப்போ அதைவிடப் பல மடங்கு பெரியது. வழியில் உள்ள குளங்கள் ஒவ்வொன்றும் தன் வயிற்றை நிரப்பிக்கொண்டு, மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கு அனுப்பினால் ஆற்றில் வெள்ளம் தணிந்து வரும். கோடையில் கிணறும் ஊறும். குளத்து வாய்க்காலில் வீட்டு மனை போட்டுவிட்டால் மழைக்காலத்தில் அந்த மனையில் தண்ணீர் நிற்கும். சித்திரையில் அதே வீட்டு வாசலில் டேங்கர் நிற்கும்.

மழைச் சத்தம்

இடிந்த சுவரை ஆறு மாதத்தில் எழுப்பிவிடலாம். மனசுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பெரிய வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்த மழையில் தூக்கம் வராது. ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். பிள்ளைகள் சிலர் மேகம் கறுத்தால் பள்ளிக்குப் போக மறுப்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகுதான் இதைத் தமிழகம் ஊரறியப் பேசத் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கடற்கரைக் கிராமங்களில் உள்ளூர்க்காரர்களுக்கே மன ஆறுதல் பணியில் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இந்தப் பயம் தணியும். தணியாதவர்களை "கோழை" என்று கேலி செய்வதால் பயன் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

வேலையில் மூழ்குவதும் ஒரு மருந்து. முகாமில் சும்மா உட்காரவைக்கப்பட்டவரைவிட, அங்கேயே சமையலுக்கு வெங்காயம் நறுக்கியவர் சீக்கிரம் தேறிவிடுகிறார்.

தண்ணீர் நின்ற உயரம்

அழகாபுரி அணை பிறகு மீண்டும் கட்டப்பட்டது. இன்று அந்தப் பகுதியில் எழும் சண்டை வெள்ளத்தைப் பற்றியதல்ல. ஆத்தூர்ப் பக்கம் ராஜவாய்க்காலில் எவ்வளவு போக வேண்டும், குடகனாற்றில் எவ்வளவு வர வேண்டும் என்பதே வழக்கு. அணைக்குத் தண்ணீர் வரவில்லை என்று வேடசந்தூர் விவசாயிகள் போராடுகிறார்கள். காய்ந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம், இந்த ஆறு ஒரு காலத்தில் அணையை உடைத்தது என்று சொன்னால் நம்பாது. ஆபத்தும் அங்கேதான். வெள்ளத்தைப் பார்த்தவர்கள் குறையக் குறைய, வீடுகள் ஆற்றை நோக்கி ஓரடி ஓரடியாக நெருங்கிவிடும்.

ஜப்பானில் அனேயோஷி என்ற சிறு கிராமத்தில் ஒரு கல் நிற்கிறது. 1933 சுனாமிக்குப் பிறகு, இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று எழுதி நட்டது. ஊரார் அதை மதித்து மேட்டிலேயே வீடு கட்டினார்கள். 2011இல் வந்த சுனாமி அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. வீடுகள் தப்பின.

குடகனாற்றங்கரையில் அதற்குப் பெரிய செலவு ஆகாது. 1977இல் பதினைந்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதுக்கு மேல். எந்தக் கோயில் படி வரை தண்ணீர் ஏறியது, எந்தப் பாலத்தை மூடியது, எந்தப் புளியமரத்தில் ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று நவம்பர் 1, உள்ளாட்சி தினம். வடகிழக்குப் பருவமழையின் நடு மாதம் அன்று பிறக்கிறது. ஆற்றோர ஊராட்சிகள் அன்றைக்கு அந்தப் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கட்டும். அவர்கள் கை காட்டும் உயரத்தில், பள்ளிச் சுவரிலும் பாலத்துத் தூணிலும் ஒரு கோடு போட்டு '1977' என்று எழுதி வைக்கட்டும். ஒரு டப்பா பெயிண்ட் போதும்.